மீன், சிப்பி, கோழி, முட்டை: உணவுக் கிருமி ஆய்வு பற்றிய கேள்விகளும் பதில்களும்

குமரி மாவட்டத்து அன்பர்கள் அனுப்பிய கேள்விகளுள் மீன், இறைச்சி, முட்டை ஆகியவற்றில் காணப்படும் நோய்க்கிருமிகளைப் பற்றியவற்றுக்கு மட்டும் இங்கே பதில் எழுதுகிறேன். நுண்ணுயிரியல் கற்பித்தவள் என்பதால் ஆய்வகப் பேச்சு சற்றுக் கூடுதலாகவே இருக்கும்.

குளச்சல், மீன் வியாபாரி: டீச்சர், செவுள் சிவப்பாகவும் கண் தெளிவாகவும் இருந்தால் நல்ல மீன் என்றுதான் அப்பா காலத்திலிருந்து பார்த்து வருகிறோம். ஆய்வகத்துக்கு அனுப்புவதால் புதிதாக என்ன தெரிந்துவிடப் போகிறது?

உங்கள் அப்பா பார்த்த பார்வையில் பிழையில்லை. ஆனால் அது மீன் கெட்டுவிட்டதா என்பதை மட்டுமே சொல்லும். ஐஸில் வைத்த மீனை நாறச் செய்பவை பெரும்பாலும் சூடோமோனாஸ், ஷீவனெல்லா போன்ற பாக்டீரியாக்கள். அவை நம்மை நோயில் தள்ளுவது அரிது. நோய் தரும் சால்மொனெல்லாவோ, மணத்தையும் நிறத்தையும் சிறிதும் மாற்றாமல் மீனில் ஒட்டிக்கொண்டிருக்கும். அது கடலுக்கு உரிய கிருமி அன்று. ஏலத்தளத்துத் தரை, கழுவிய தண்ணீர், ஐஸ் செய்த தண்ணீர், கையாளும் கைகள் என்று கரையில்தான் மீனுக்கு வந்து சேர்கிறது. ஆகவே மீனில் சால்மொனெல்லா இருப்பதாக ஆய்வறிக்கை வந்தால், அது கடலைப் பற்றியன்று, கரையைப் பற்றிய செய்தி.

சூரை, அயிலை, சாளை ஆகியவற்றுக்கு வேறொரு சிக்கலும் உண்டு. இவற்றின் சதையில் ஹிஸ்டிடின் என்னும் அமினோ அமிலம் மிகுதி. வெயிலில் கிடந்தால் மார்கனெல்லா போன்ற பாக்டீரியாக்கள் அதை ஹிஸ்டமினாக மாற்றிவிடுகின்றன. அதன்பின் எவ்வளவு கொதிக்க வைத்தாலும் ஹிஸ்டமின் அழியாது. சாப்பிட்ட சிறிது நேரத்தில் முகம் சிவந்து, தலை வலித்து, உடல் அரிக்கும். பலர் இதை மீன் ஒவ்வாமை என்றே நினைத்துக்கொள்கிறார்கள். கோடெக்ஸ் என்னும் பன்னாட்டு உணவுத் தர அமைப்பு 100 கிராம் மீனில் 20 மில்லிகிராம் ஹிஸ்டமினை வரம்பாக வைத்திருக்கிறது. நம் மாவட்டத்திலோ கிழக்குக் கரைக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையும், மேற்குக் கரைக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரையும் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அந்த மாதங்களில் வெளியூரிலிருந்து லாரியில் வரும் சூரையை வாங்கும்போது, பெட்டிக்குள் மீனின் எடைக்கு ஏறக்குறைய இணையாக ஐஸ் இருக்கிறதா என்று பாருங்கள்.

நாகர்கோவில், முதுநிலை மாணவி: சால்மொனெல்லா இருக்கிறதா இல்லையா என்று சொல்ல ஏன் நான்கைந்து நாள் ஆகிறது?

ஐஸ், உப்பு, சூடு ஆகியவற்றில் அடிபட்டுக் குற்றுயிராகக் கிடக்கும் கிருமியை முதலில் தேற்றி எடுக்க வேண்டியிருப்பதால்தான். 25 கிராம் மாதிரியை 225 மில்லிலிட்டர் பெப்டோன் நீரில் (கிருமிக்கு ஊட்டம் தரும் கரைசல்) கலந்து, உடல் வெப்பநிலையில் ஏறத்தாழ 18 மணி நேரம் வைக்கிறோம். இந்தப் படியைத் தாண்டி நேரே கடுமையான வளர்ப்பு ஊடகத்தில் போட்டால், நலிந்த சால்மொனெல்லா அங்கேயே செத்துப்போகும். அறிக்கையில் 'இல்லை' என்று வரும். தேறிய பிறகே, மற்றக் கிருமிகளை அடக்கும் ராப்பபோர்ட் குழம்பில் இட்டு 41.5 பாகை செல்சியஸில் ஒரு நாள் வளர்க்கிறோம். அடுத்த நாள் எக்ஸ்எல்டி அகார் என்னும் கூழ் நிரப்பிய வளர்ப்புத் தட்டில் கீறுகிறோம். மறுநாள் காலையில் தட்டைத் திறந்தால், இளஞ்சிவப்புப் பரப்பில் நடுவில் கறுத்த கிருமிக் கூட்டங்கள் தெரியும். அந்தக் கறுப்பு, கிருமி வெளிவிடும் ஹைட்ரஜன் சல்ஃபைடால் உண்டாவது.

மாணவர்கள் பெரும்பாலும் அந்தக் கறுப்பைக் கண்டவுடன் குறிப்பேட்டில் 'சால்மொனெல்லா' என்று எழுதிவிடுவார்கள், பொறுத்திருங்கள். புரோட்டியஸ், சிட்ரோபாக்டர் ஆகியவற்றிலும் சில வகைகள் இதே கோலத்தில் வரும். உயிர்வேதிச் சோதனைகளும் எதிர்ச்சீரச் சோதனையும் (ஆன்டிபாடி கொண்டு கிருமியை அடையாளம் காண்பது) முடிந்த பிறகே பெயர் எழுத வேண்டும். கிருமியின் டிஎன்ஏவைப் பெருக்கிக் கண்டறியும் பிசிஆர் முறையில் காலம் வெகுவாகக் குறையும் என்பது உண்மையே; ஆனால் அதற்கும் பெப்டோன் நீரில் தேற்றும் படி தேவை, செத்த கிருமியின் டிஎன்ஏவையும் அது காட்டிவிடக்கூடும். இன்னொன்றையும் நினைவில் வையுங்கள்: 'இல்லை' என்னும் முடிவு நீங்கள் எடுத்த அந்த 25 கிராமுக்கு மட்டுமே உரியது. ஒரு மீன் துண்டை வைத்து வடசேரிச் சந்தை முழுவதற்கும் சான்றிதழ் தர முடியாது.

கடியபட்டணம், இல்லத்தரசி: அக்கா, சிப்பி வாய் திறந்தவுடன் அடுப்பிலிருந்து இறக்கிவிடுகிறோம். அது போதுமா?

போதாது. திறந்த பிறகும் மூன்று முதல் ஐந்து நிமிடம் கொதிக்க விடுங்கள். திறக்காதவற்றைத் தூர எறியுங்கள். சிப்பி கடல்நீரை வடித்து உண்ணும் உயிர் என்பதால், நீரில் சிதறிக் கிடக்கும் கிருமிகள் அதன் உடலில் சேர்ந்து அடர்கின்றன. இங்கே முதன்மையாகக் கவலைப்பட வேண்டியது விப்ரியோ பாராஹீமோலிடிகஸ். 1950-ஆம் ஆண்டு ஜப்பானின் ஒசாகாவில் சிறுமீன் உண்டு 272 பேர் நோயுற்று, 20 பேர் இறந்தபோது, ஃபுஜினோ என்னும் அறிஞர் இதைக் கண்டறிந்தார். இது உப்பை விரும்பும் கிருமி. வெதுவெதுப்பான நிலையில் பத்து நிமிடத்துக்குள் இரட்டிப்பாகிவிடும். காலையில் பறித்த சிப்பி மதியம்வரை சாக்கில் கிடந்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

ஆய்வகத்தில் டிசிபிஎஸ் என்னும் வளர்ப்புத் தட்டில் இது பச்சையாகவும், காலராக் கிருமி மஞ்சளாகவும் வளரும். பச்சையெல்லாம் நோய் தருபவை அல்ல. டிடிஹெச், டிஆர்ஹெச் என்னும் நச்சு மரபணுக்கள் உள்ளனவா என்று பார்த்த பிறகே அபாயத்தைப் பற்றிப் பேச முடியும். உங்கள் வீட்டில் சிப்பி பறிக்க முங்குபவர்கள் இருந்தால் அவர்களுக்கும் ஒரு சொல்: பாறையில் கீறிய காயம் வழியே விப்ரியோ வல்னிஃபிகஸ் என்னும் உறவுக்கார கிருமி உள்ளே புகக்கூடும். ஈரல் நோய் உள்ளவர்களுக்கு அது உயிருக்கே ஆபத்து. காயம் சிவந்து வீங்கினால் மஞ்சள் பூசிக்கொண்டு காத்திருக்காமல் அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

மார்த்தாண்டம்: கோழியைக் கழுவக் கூடாது என்கிறார்களே, டீச்சர். கழுவாமல் எப்படிச் சமைப்பது?

அந்த அறிவுரை, சுத்தம் செய்து உறையிட்டு விற்கும் கோழிக்காகச் சொல்லப்பட்டது. கண்ணெதிரே வெட்டி வாங்கும் நமக்கு அப்படியே பொருந்துவது கடினம் என்றே நானும் கருதுகிறேன். அச்சமெல்லாம் தெறிக்கும் நீரைப் பற்றியது. காம்பிலோபாக்டர் என்னும் கிருமி சில நூறு இருந்தாலே நோய் தரும். ஆகவே குழாயடியில் பிடித்து அலசாமல், பாத்திரத்து நீரில் மெதுவாகக் கழுவி, தொட்டியையும் கையையும் சோப்பிட்டுக் கழுவிய பிறகே காய்கறிக்குப் போங்கள்.

ஆய்வு பற்றி ஒன்று. காம்பிலோபாக்டருக்கு ஐந்து விழுக்காடு அளவே ஆக்சிஜன் வேண்டும். சாதாரணக் காற்றில் அது வளராது. தனி வாயுக் கலன் இல்லாத ஆய்வகத்தில் அதைத் தேடியிருக்கவே மாட்டார்கள். அறிக்கையில் அதன் பெயர் இல்லாததைக் கோழியில் அது இல்லை என்று படித்துக்கொள்ளாதீர்கள்.

தக்கலை: முட்டை மயோனைஸுக்குத் தடை ஏன்?

சால்மொனெல்லா என்டரிடிடிஸ் கோழியின் கருவகத்திலேயே தங்கி, ஓடு உருவாகும் முன்பே முட்டைக்குள் புகக்கூடியது. ஆகவே ஓட்டைக் கழுவிப் பயனில்லை. பச்சை முட்டையில் செய்த மயோனைஸைத் தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரலில் ஓராண்டுக்குத் தடை செய்தது அதனால்தான். கேரளம் 2023-லேயே செய்துவிட்டது.

களியக்காவிளை, சமையல் ஒப்பந்ததாரர்: கல்யாண வீட்டுக்கு இரவே இறைச்சிக் குழம்பு வைக்கிறோம். நன்றாகக் கொதித்த குழம்பில் கிருமி எப்படி வரும்?

வெளியிலிருந்து வர வேண்டியதில்லை, உள்ளேயே இருக்கிறது. கிளாஸ்டிரிடியம் பெர்ஃபிரிஞ்சன்ஸ் என்னும் பாக்டீரியாவின் விதைத்துகள் (ஸ்போர்) கொதிநிலையைத் தாங்கும். பெரிய அண்டாவில் நடுப்பகுதி ஆற மணிக்கணக்காகும். 45 பாகையை ஒட்டிய சூட்டில் அக்கிருமி சுமார் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகிறது, கொதித்ததால் ஆக்சிஜன் வெளியேறிவிட்டதும் அதற்கு வசதி. குழம்பைத் தட்டையான பாத்திரங்களில் பிரித்து விரைவில் ஆற்றிக் குளிரில் வையுங்கள். இல்லையேல் பரிமாறும்வரை 60 பாகைக்குக் குறையாத சூட்டிலேயே வைத்திருங்கள். விடியலில் சற்றே சூடு காட்டி இறக்குவது இரண்டிலும் சேராது.

முட்டம்: சந்தேகப்படும் மீனை ஆய்வுக்கு எப்படிக் கொண்டுபோவது?

சுத்தமான புதிய பையில் இட்டு இறுகக் கட்டி, ஐஸ் நீர் உள்ளே புகாதபடி தெர்மாகோல் பெட்டியில் வைத்து, அன்றே சேர்த்துவிடுங்கள். உறைய வைக்காதீர்கள், விப்ரியோ உறைகுளிரில் பெரும்பகுதி செத்துவிடும். எந்தக் கிருமியைத் தேட வேண்டும், நோயுற்றவருக்கு எத்தனை மணி நேரத்தில் என்ன தொடங்கியது என்பதையும் தாளில் எழுதிக் கொடுங்கள்.