கலஜ் மக்கள்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: தில்லியை ஆண்ட கில்ஜிகள் துருக்கியரா, ஆப்கானியரா?

பதில்: கலஜ் என்ற துருக்கியக் குடியிலிருந்து வந்தவர்கள்தான். ஆனால் அந்தக் குடி பல நூற்றாண்டுகளாக இன்றைய ஆப்கானிஸ்தானில் ஆடுமாடு மேய்த்து வாழ்ந்தது. இந்தியாவுக்கும் சீஸ்தானுக்கும் (இன்றைய ஈரான்–ஆப்கானிஸ்தான் எல்லைப் பகுதி) நடுவே வாழும் இவர்கள் தோற்றத்திலும் உடையிலும் மொழியிலும் துருக்கியரே என்று 10ஆம் நூற்றாண்டிலேயே புவியியலாளர் இஸ்தக்ரி எழுதிவிட்டார். 1290இல் முதல் கில்ஜி சுல்தான் ஜலாலுத்தீன் அரியணை ஏறியபோது தில்லியின் பழைய துருக்கியப் பிரபுக்கள் இவர்களைத் தங்களவர்களாக ஏற்கவில்லை. அதனால் அவர் முதலில் நகருக்கு வெளியே கிலோக்ரியில்தான் இருந்தார். வம்சத்தை விட அரண்மனை அரசியல் அங்கே அதிகம் பேசியது என்பேன்.

கேள்வி: அப்படியென்றால் மதுரைக்கு வந்த மாலிக் காஃபூரும் கலஜா?

பதில்: இல்லை. அவர் குஜராத்தில் பிடிபட்ட அடிமை. 1311இல் மதுரைக்குப் படை நடத்தி வந்தாலும், அவருடைய எஜமான் அலாவுத்தீன்தான் கில்ஜி.

கேள்வி: ஆப்கானிஸ்தானுக்கு முன்னால் எங்கே இருந்தார்கள்?

பதில்: ஹெப்தலைட்டுகளின், அதாவது வெள்ளை ஹூணர்களின், எச்சம் என்று 10ஆம் நூற்றாண்டு அறிஞர் அல்-குவாரிஸ்மி சொல்கிறார் (அல்ஜிப்ரா குவாரிஸ்மி வேறு ஆள்). மேலைத் துருக்கியரோடு வந்தவர்கள் என்போரும் உண்டு. ஹூணர் கதை கேட்கச் சுவையானது, ஆனால் அதற்குச் சான்று மெலிது.

கேள்வி: அவர்கள் மொழி இன்னும் இருக்கிறதா?

பதில்: இருக்கிறது, ஆனால் ஆப்கானிஸ்தானில் இல்லை. நடு ஈரானில், தெஹ்ரானுக்குத் தென்மேற்கே சில கிராமங்களில் பேசுகிறார்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரஷ்ய அறிஞர் மினோர்ஸ்கி அங்கே போய்க் குறிப்பெடுத்தார். அப்போதும் அதை அஸர்பைஜானி என்ற துருக்கிய மொழியின் கிளைமொழி என்றே பலர் நினைத்தார்கள். 1968 முதல் ஜெர்மானிய அறிஞர் கெர்ஹார்ட் தோர்ஃபர் நேரில் ஆராய்ந்து, இது துருக்கிய மொழிகளில் தனிக்கிளை என்று வாதிட்டார். காலுக்குப் பழந்துருக்கியில் ‘அதக்’, இன்றைய துருக்கியில் ‘அயக்’. கலஜில் ‘ஹதக்’! நடுவில் உள்ள பழைய ‘த’ ஒலி அப்படியே நிற்கிறது. முன்னால் உள்ள ஹகரம் அதைவிடப் பழையது என்பது தோர்ஃபரின் கருத்து. அதில் மட்டும் சண்டை உண்டு. பக்கத்து ஊர் அஸர்பைஜானியும் பாரசீகமும் நிறையக் கலந்திருக்கின்றன. இளையவர்கள் பாரசீகத்துக்கு மாறிக்கொண்டிருக்கிறார்கள்.

கேள்வி: பஷ்தூன்களில் கில்ஸாய் என்று ஒரு பெரிய பிரிவு இருக்கிறதே, அதுவும் இவர்கள்தானா?

பதில்: பெயர் கலஜிலிருந்து வந்தது என்று பல அறிஞர்கள் ஏற்கிறார்கள். கலஜில் ஒரு பகுதி பஷ்தூன்களோடு கரைந்திருக்க வேண்டும். ஆனால் கில்ஸாய்களின் சொந்த வம்சக்கதை கோர் நாட்டு (இன்றைய ஆப்கானிஸ்தானின் நடுப்பகுதி) இளவரசன் ஒருவனிடமிருந்து தொடங்குகிறது. அவர்களிடம் போய் ‘நீங்கள் துருக்கியர்’ என்று சொன்னால் சண்டைக்கு வருவார்கள்!