உருளைக்கிழங்கை விடுங்கள், உப்புப் பாக்கெட்டைப் பாருங்கள்

கேள்வி: என் கணவருக்கு வயது 56. சர்க்கரை, பி.பி. இரண்டும் உண்டு, பி.பி.க்கு டெல்மிசார்டன் மாத்திரை சாப்பிடுகிறார். உருளைக்கிழங்கில் பொட்டாசியம் அதிகம், கிட்னியைக் கெடுக்கும் என்று ஒரு வீடியோவில் பார்த்ததிலிருந்து வீட்டில் கிழங்கே சமைப்பதில்லை. பி.பி.க்கு நல்லதென்று சோடியம் குறைந்த உப்புக்கு மாறிவிட்டோம். முட்டிவலிக்கு மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்கிறார். பச்சை படிந்த கிழங்கால் புற்றுநோய் வருமா? இரண்டு வாரமாகக் கால்களில் வலுவே இல்லை என்கிறார், வயதாகிறது அல்லவா? அவருடைய அண்ணன் டயாலிசிஸில் இருந்து இறந்தவர்.
- வாசகி, தளி

பதில்: வயதென்று விட்டுவிடாதீர்கள். இதைப் படித்ததும் அவரை ஓசூருக்கோ தேன்கனிக்கோட்டைக்கோ அழைத்துப் போங்கள். ஈ.சி.ஜி., ரத்தத்தில் பொட்டாசியம், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் மூன்றையும் அன்றைக்கே பார்க்கச் சொல்லுங்கள். நெஞ்சு படபடப்பு, மயக்கம், மூச்சுத் திணறல் ஏதாவது இருந்தால் நேரே 108-ஐக் கூப்பிடுங்கள்.

ஏன் இவ்வளவு அவசரம்? டெல்மிசார்டன் நல்ல மருந்து. சர்க்கரை நோயாளியின் சிறுநீரகத்தைக் காக்கக் கொடுப்பதே அதைத்தான். ஆனால் உடலில் பொட்டாசியத்தைக் கொஞ்சம் தேக்கிவைக்கும். முட்டிவலிக்கு வாங்கும் டைக்ளோஃபெனாக் வகை மாத்திரை சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தைக் குறைத்து, பொட்டாசியம் வெளியேறுவதைத் தடுக்கும். இவற்றுக்கு மேல் அந்த உப்பு. சோடியத்தைக் குறைக்க அதில் சேர்ப்பது பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைடுதான். பாக்கெட்டின் பின்புறம் படித்துப் பாருங்கள். இப்படிப்பட்ட உப்பைப் பற்றி உலக சுகாதார நிறுவனம் 2025-இல் வெளியிட்ட பரிந்துரையே சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்குப் பொருந்தாது என்று சொல்கிறது. ரத்தத்தில் பொட்டாசியம் லிட்டருக்கு 3.5 முதல் 5 மில்லிமோல் வரை இருக்கலாம். 6-ஐத் தாண்டினால் தசை தளரும், இதயத்துடிப்பே தடுமாறும். சிலருக்கு எந்த அறிகுறியும் காட்டாமலே ஏறிவிடும். அவருக்குக் கால் தளர்கிறது என்பதால்தான் இவ்வளவு விரட்டுகிறேன். வேறு காரணமாகவும் இருக்கலாம், பரிசோதித்தால் தெரிந்துவிடும்.

அந்த சோடியம் குறைந்த உப்பையும் வலி மாத்திரையையும் இன்றே நிறுத்துங்கள். டெல்மிசார்டனை மட்டும் நீங்களாக நிறுத்தக் கூடாது, டாக்டர் சொல்லட்டும். மருந்துக்கடைக்காரரிடம் உங்கள் கணவருடைய கிரியேட்டினின் ரிப்போர்ட் இல்லை. கடைக்காரரைக் கேட்டு வலி மாத்திரை வாங்குவதை இத்தோடு விட்டுவிடுங்கள்.

உங்கள் உண்மையான பயம் அண்ணனைப் போல் ஆகிவிடுமோ என்பதுதான். அண்ணனுக்கு வந்ததால் இவருக்கும் வந்தே தீரும் என்றில்லை. சர்க்கரை உள்ளவர்கள் வருடம் ஒருமுறை கிரியேட்டினினும் சிறுநீரில் கசியும் அல்புமின் என்ற புரதமும் பார்த்தால் கோளாறை ஆரம்பத்திலேயே பிடித்துவிடலாம், வேகத்தைக் குறைக்கவும் முடியும்.

கிழங்கு ஆரோக்கியமான சிறுநீரகத்தைக் கெடுக்காது. 100 கிராமில் சுமார் 400 மில்லிகிராம் பொட்டாசியம் இருக்கிறது, வாழைப்பழத்திலும் ஏறக்குறைய அவ்வளவுதான். சிறுநீரகம் நன்றாக இருப்பவருக்கு ஒரு நாளைக்கு 3,500 மில்லிகிராமாவது வேண்டும், பி.பி.யைக் குறைக்க உதவுவதே அதுதான். நம்மில் பலர் அந்த அளவை எட்டுவதே இல்லை. மெக்னீசியம், பாஸ்பரஸ், சிறிது இரும்பு, அந்த இரும்பை உடலில் சேர்க்க உதவும் வைட்டமின் சி எல்லாம் கிழங்கில் உண்டு. கால்சியம் குறைவு, அதை உங்கள் ஊர் ராகிக்களி பார்த்துக்கொள்ளும். சர்க்கரைக்காக ஒன்று: சோறு வழக்கம்போல, கூடவே கிழங்குப் பொரியல் என்று வேண்டாம். கிழங்கு வைக்கும் நாளில் சோற்றைக் குறையுங்கள்.

பச்சை படிந்த கிழங்கால் புற்றுநோய் வராது. அதிலுள்ள சோலனைன் என்ற நச்சு வாந்தி, வயிற்றுவலி தரும், வேகவைத்தாலும் போகாது. லேசாக இருந்தால் அந்தப் பகுதியை ஆழமாக வெட்டி எறியுங்கள். நிறைய பச்சையாக இருந்தாலோ கசந்தாலோ கிழங்கையே போட்டுவிடுங்கள்.

ரிப்போர்ட் வரும்வரை அவருக்குக் கிழங்கு வேண்டாம். பொட்டாசியமும் கிரியேட்டினினும் சரியாக இருந்தால் தயங்காமல் சமைத்துப் போடுங்கள். கூடுதலாக இருந்தால் எவ்வளவு சாப்பிடலாம் என்று சிறுநீரக மருத்துவர் சொல்வார். அப்போது தோல் சீவி, சிறு துண்டுகளாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடித்துவிடுங்கள். பொட்டாசியத்தில் ஏறக்குறைய பாதி தண்ணீரோடு போய்விடும். வெறுமனே ஊறவைத்தால் போகாது.