லேசர் வாங்கும் காசுக்கு எத்தனை தோட்டா?

குக்கர், இன்வெர்ட்டர் பற்றியே கேள்வி வரும் இந்தப் பகுதிக்கு இந்த முறை துப்பாக்கி வாங்குவது பற்றிக் கடிதங்கள் வந்திருக்கின்றன. பயப்பட வேண்டாம், எல்லாம் காகிதத் துப்பாக்கிகள். அமெரிக்காவில் 1977இல் மார்க் மில்லர் உருவாக்கிய 'டிராவலர்' என்ற அறிவியல் புனைவு ஆட்டத்தில் வாங்க வேண்டியவை. மேசையைச் சுற்றி உட்கார்ந்து, பகடையும் பென்சிலும் வைத்து ஆடுவது. கதையை நடத்துபவர் நடுவர். நாணயம் கிரெடிட். கீழே உள்ள விலைகள் பழைய பதிப்பில் இருப்பவை.

கேள்வி: என் கதாபாத்திரம் தரைப்படையிலிருந்து விலகியவர். கையில் 6,000 கிரெடிட் இருக்கிறது. லேசர் ரைஃபிள் 3,500தான். சாதாரண ரைஃபிள் மூன்று பகடை அளவு காயம் உண்டாக்கும், லேசரோ ஐந்து பகடை. வாங்கிவிடலாமா?

பதில்: பிரின்டரைக் குறைந்த விலையில் வாங்கிவிட்டு மைக்கு அழுபவர்களை இந்தப் பகுதி நிறையப் பார்த்திருக்கிறது. 3,500 வெறும் துப்பாக்கியின் விலை. அதைச் சுடவைக்கும் பவர் பேக் பட்டியலில் தனி வரியில் இருக்கிறது: 1,500 கிரெடிட். ஆக 5,000. ஒரு பேக்கில் 100 முறை சுடலாம், அதாவது முதல் தடவை தீரும்வரை ஒவ்வொரு சூட்டுக்கும் 15 கிரெடிட். தீர்ந்தபின் மறுபடி சார்ஜ் ஏற்றலாம் என்பீர்கள். ஏற்றலாம், அதற்கான மின்சாரம் பக்கத்தில் இருந்தால். மாட்டுவண்டி ஓடும் கோளில் சிக்கிக்கொண்டால் 3,500 கிரெடிட் கொடுத்து வாங்கியதை ஊன்றுகோலாகத்தான் பயன்படுத்த வேண்டும். சாதாரண ரைஃபிளின் விலை 200. இருபது தோட்டா கொண்ட மேகசின் 20 கிரெடிட், தோட்டா ஒன்றுக்கு ஒரு கிரெடிட்.

விலையைவிட எடையைப் பற்றித்தான் நான் அதிகம் கவலைப்படுவேன். லேசர் ரைஃபிள் 6 கிலோ, பேக் 4 கிலோ. இந்த ஆட்டத்தில் ஒருவர் சிரமமில்லாமல் சுமக்கக்கூடியது அவருடைய வலிமை எண் எத்தனையோ அத்தனை கிலோ. இரண்டு பகடையைப் போட்டுப் பெறும் எண் அது. சராசரியாக 7 வரும். 10 கிலோவைத் தூக்கினால் வலிமை, கைத்திறன், தாங்குதிறன் மூன்றிலும் ஒவ்வொன்று குறைந்ததாகக் கணக்கு. கயிறு, தண்ணீர், சாப்பாடு எதையும் இன்னும் எடுத்துக்கொள்ளவே இல்லை என்பதையும் கவனியுங்கள். கொஞ்சம் சிறியதாக லேசர் கார்பைன் வாங்கினாலும் 5 கிலோவும் 3 கிலோவுமாக 8 ஆகிவிடுகிறது.

எதிராளி 'ரிஃப்ளெக்' என்ற பளபளக்கும் உடை போட்டிருந்தால் லேசர் பெரும்பாலும் வீண். அந்த உடைக்கு 1,500 கிரெடிட் ஆகும் என்பதால் எல்லோரும் போட்டிருக்கமாட்டார்கள் என்பது ஒரு ஆறுதல்.

நானாக இருந்தால் ரைஃபிள் 200, மேகசின் ஐந்து 100, 'கிளாத்' கவச உடை 250 என்று 550இல் முடித்துவிடுவேன். மீதி 5,450. உறைதூக்கத்தில் பயணம் போக ஒரு தடவைக்கு 1,000 கிரெடிட், ஐந்து பயணத்துக்குக் காசு இருக்கிறது. (அந்தத் தூக்கத்திலிருந்து சிலர் எழுவதே இல்லை. அது வேறு புகார், வேறு வாரம்.) சொந்தக் கப்பலும் திடகாத்திரமான ஒரு ஆளும் உள்ள குழு, ஆளில்லாக் கோள்களையே சுற்றுவதானால், குழுவுக்கு ஒரு லேசர் வாங்கலாம். ஆளுக்கொன்று வேண்டாம்.

கேள்வி: 'பாடி பிஸ்டல்' உலோகமில்லாதது, சோதனைக் கருவியில் சிக்காது என்கிறார்கள். 500 கிரெடிட் கொடுக்கலாமா?

பதில்: 'பெரும்பாலான' சோதனைக் கருவிகளில் சிக்காது. விற்பவர்கள் அந்த ஒரு சொல்லை மட்டும் விழுங்கிவிடுவார்கள். ஆறு தோட்டா 20 கிரெடிட். 200 கிரெடிட் விலையுள்ள ஆட்டோ பிஸ்டலுக்குப் பதினைந்து தோட்டா 10 கிரெடிட்டுக்கே கிடைக்கும். ஒளித்து வைப்பதற்கென்றே செய்த பொருள் என்பதால் சட்டம் முதலில் தடை செய்வதும் பாடி பிஸ்டலைத்தான். ஆட்டோ பிஸ்டலை அனுமதிக்கும் பல கோள்களில் இது குற்றம். இரண்டரை மடங்கு விலை கொடுத்துச் சிறைக்குப் போக வேண்டுமா?

கேள்வி: ரெஜினா கோளில் இறங்கிய அன்றே என் சப்மெஷின் கன்னை நடுவர் பறிமுதல் செய்துவிட்டார். 500 கிரெடிட் போயிற்று. முறையிட வழி உண்டா?

பதில்: இல்லை. மருந்து அட்டையில் காலாவதி தேதி பார்ப்பதுபோல, கோளின் குறியீட்டை வாசித்துவிட்டு இறங்கியிருக்க வேண்டும். ரெஜினாவின் குறியீடு ஏ788899-ஏ. சிறு கோட்டுக்குச் சற்று முன் உள்ள ஒற்றை இலக்கம்தான் சட்ட நிலை, ஆயுதக் கட்டுப்பாடு எவ்வளவு கடுமை என்பதைச் சொல்வது. அது 1 என்றால் பாடி பிஸ்டலும் வெடிகுண்டும் கூடாது. 2இல் லேசர் போய்விடும். 3இல் ஆட்டோமேட்டிக் ரைஃபிள், 4இல் உங்கள் சப்மெஷின் கன், 5இல் கைத்துப்பாக்கிகள். 6இல் ஷாட்கன் மட்டும் மிஞ்சும், 7இல் அதுவும் இல்லை. 8இல் குத்துவாள் தவிர நீளமான வாள்களுக்கும் கட்டுப்பாடு. 9இல் வீட்டுக்கு வெளியே எந்த ஆயுதமும் கூடாது. ரெஜினா 9.

இனிமேல் எல்லாவற்றையும் கப்பலின் அலமாரியில் பூட்டிவிட்டு இறங்குங்கள். ஒரே துப்பாக்கிதான் வாங்க முடியும் என்றால் 150 கிரெடிட் ஷாட்கன் அதிக ஊர்களில் செல்லுபடியாகும். நடுவர் குறியீட்டையே காட்டாமல் இறங்கவைத்தாரா? அப்படியானால் அடுத்த ஆட்டத்தில் சண்டை போடுங்கள், நியாயம் உங்கள் பக்கம்.

கேள்வி: ஆட்டோமேட்டிக் ரைஃபிள் 1,000 கிரெடிட். செலவு அதோடு முடிந்ததா?

பதில்: ஒரு அழுத்தலுக்கு நான்கு தோட்டா, மேகசினில் இருபது. ஐந்து அழுத்தலில் 20 கிரெடிட் காலி. விரலடக்கம் உள்ளவர்கள் மட்டும் வாங்கவும்.

கேள்வி: நண்பரின் புத்தகத்தில் விலைகள் வேறாக இருக்கின்றன. காஸ் ரைஃபிள் என்று ஒன்றும் இருக்கிறது. எதை நம்புவது?

பதில்: 2008 முதல் மங்கூஸ் பதிப்பகம் புதிய பதிப்புகளை வெளியிட்டுவருகிறது, அவற்றின் பட்டியல் தனி. இரண்டையும் கலக்காதீர்கள், எந்தப் புத்தகம் என்று காசு கொடுக்கும் முன் நடுவரிடம் கேளுங்கள். காஸ் ரைஃபிள் பழைய வரிசையிலேயே, 1978இல் வந்த நான்காம் புத்தகத்தில் உண்டு. மின்காந்த விசையால் 4 மில்லிமீட்டர் ஊசிகளை எய்வது, விலை 1,500, நாற்பது ஊசி கொண்ட மேகசின் 30 கிரெடிட். உங்கள் நடுவர் அந்தப் புத்தகத்தை ஏற்றால் முதல் கேள்விக்கான என் பதிலை மாற்றிக்கொள்கிறேன்: அந்த 6,000இல் இதை வாங்குங்கள். ஆனால் தொழில்நுட்ப நிலை 12 உள்ள இடத்தில்தான் இதைச் செய்வார்கள். குறியீட்டில் கோட்டுக்குப் பின் வருவதுதான் அந்த நிலை. ரெஜினாவுக்கு அது 'ஏ', அதாவது 10. அங்கே கடை கடையாக அலைய வேண்டாம்.