மின்காந்தத் துடிப்பைத் தாங்கும் கட்டடங்களை எப்படிச் சோதிக்கிறார்கள்?

மின்காந்தத் துடிப்பு என்பது கணநேரத்தில் தோன்றி மறையும் மிக வலிய மின்காந்த அலையாகும். 1962இல் பசிபிக்கில் சுமார் 400 கிலோமீற்றர் உயரத்தில் அமெரிக்கா வெடிக்கவைத்த அணுகுண்டினால், ஏறத்தாழ 1,400 கிலோமீற்றர் தொலைவிலிருந்த ஹவாயில் தெருவிளக்குகள் சில அணைந்துபோயின. நீண்ட கம்பிகளில் இத்துடிப்பு பெரும் மின்னோட்டத்தைத் தூண்டிக் கருவிகளைப் பழுதாக்குவதால், முக்கியமான கட்டடங்களை உலோகக் கவசத்தால் மூடி, உள்ளே நுழையும் ஒவ்வொரு கம்பியிலும் மிகைமின் தடுப்பான் பொருத்துகிறார்கள்.

வெளியே அலைபரப்பியை வைத்து உள்ளே கசிவதை அளப்பது ஒரு சோதனை. இக்கவசத்துக்கு அமெரிக்க இராணுவத் தரம் கோரும் 80 டெசிபெல் தணிப்பு என்பது, அலைப்புலம் பத்தாயிரத்தில் ஒரு பங்காகக் குறையவேண்டும் என்பதாகும். கம்பியில் செயற்கைத் துடிப்பைச் செலுத்தி, தடுப்பானைத் தாண்டி மிஞ்சுவதை அளப்பது மற்றொன்று. என் பார்வையில் இதுவே கடினமான பரீட்சை.

மட்டக்களப்பு வாவித் தோணியில் தண்ணீர் பெரும்பாலும் பலகையூடாக அன்றிப் பொருத்துகளூடாகவே கசிவதுபோல, இங்கும் சுவரைவிடக் கதவு விளிம்புதான் பலவீனமான இடம். அங்குள்ள மெல்லிய உலோகத் தகடுகள் தேய்ந்தாலோ, நம் கரையோர உப்புக்காற்று போன்றதில் அரித்தாலோ கவசம் குறையுமாதலால், சோதனையை அவ்வப்போது திரும்பவும் செய்யவேண்டும்.

இடிதாங்கி இருந்தால் போதும் என்று பலர் எண்ணுவது தவறு. அது மின்னலை நிலத்துக்குள் இறக்குமேயன்றி, கம்பிகளில் இத்துடிப்பு தூண்டும் மின்னோட்டத்தைத் தடுக்காது.