பழம்பொருளுக்கு மதிப்புச் சொல்ல என்ன படிக்கலாம்?

கலைப்பொருள் மதிப்பீடு, அருங்காட்சியகம், கலை நிர்வாகம் ஆகிய துறைகளில் வேலை தேடும் குமரி மாவட்டத்துக்காரர்கள் கேட்ட கேள்விகளும் என் பதில்களும்.

தக்கலை, பிளஸ் டூ மாணவி: அக்கா, பத்மநாபபுரம் அரண்மனை எங்கள் வீட்டுக்குப் பக்கம்தான். அந்த மாதிரி இடத்தில் வேலை பார்க்க என்ன படிக்கணும்?

முதலில் ஓர் இளங்கலை. வரலாறோ நுண்கலையோ எடுக்கலாம். சிதைந்த பொருளைச் சீர்செய்யும் வேலையில் ஆசை என்றால் வேதியியல் நல்லது. நுண்கலைக்குச் சென்னை, கும்பகோணம் அரசுக் கல்லூரிகள் உண்டு. நமக்குத் திருவனந்தபுரம் இன்னும் பக்கம். முதுகலைக்குப் பரோடா பல்கலைக்கழகத்தைப் பார். 1952 முதல் அங்கே அருங்காட்சியகவியல் சொல்லித் தருகிறார்கள். நொய்டாவில் இந்தியப் பாரம்பரிய நிறுவனமும் இருக்கிறது. அரண்மனை நம் மாவட்டத்தில் இருந்தாலும் பராமரிப்பது கேரளத் தொல்லியல் துறை. அதனால் வேலை அறிவிப்புகளை இரண்டு மாநிலத்திலும் கவனி மக்களே.

படிப்பு தொடங்கும் வரை சும்மா இருக்காதே. அரண்மனைக்குப் போய் ஒரே ஒரு தூணை எடுத்துக்கொள். எங்கே விரிசல், எங்கே பூச்சி அரித்திருக்கிறது, எந்தத் துண்டு பிறகு ஒட்டியது என்று எழுது. நிலை அறிக்கை என்பது இதுதான். இதை ஒழுங்காக எழுதத் தெரியாதவர் எத்தனை பட்டம் வாங்கினாலும் மதிப்பீட்டாளர் ஆக முடியாது.

மார்த்தாண்டம், ஆசிரியர்: தாத்தா காலத்து ரவிவர்மா லட்சுமி படம் வீட்டில் இருக்கிறது. அசல்தானா? வெளிநாட்டில் விற்கலாமா?

பெரும்பாலும் அச்சுப்படமாகத்தான் இருக்கும். ரவிவர்மா 1894-இல் பம்பாயில் அச்சகம் தொடங்கினார். அவர் 1906-இல் இறந்த பிறகும் அந்தப் படங்கள் தொடர்ந்து அச்சாகின. பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் லென்ஸைப் படத்தில் உள்ள முகத்தின் மேல் வைத்துப் பாருங்கள். புள்ளிகள் வரிசை பிசகாமல் பூப்போலக் கூடி நின்றால் அது பிற்கால ஆஃப்செட் அச்சு. பெரிதும் சிறிதுமாக, கையால் வைத்தது போலச் சிதறிக் கிடந்தால் பழைய கல்லச்சு, அதாவது கல்லில் வரைந்து எடுத்த அச்சு. அதற்கும் நல்ல மதிப்பு உண்டு. மேலே வார்னிஷ் பூசி, கித்தான் போலச் சொரசொரப்பு ஏற்றிய அச்சுகளும் உண்டு. ஆகவே விரலால் தடவி முடிவு செய்யாதீர்கள். ஓரத்தில் அச்சகத்தின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். படத்தின் சட்டகத்துக்குப் பொருந்தவில்லை என்று பலர் அந்த ஓரத்தைத்தான் வெட்டிவிடுகிறார்கள், வயிறு எரிகிறது. ஈரத்துணி, எண்ணெய் எதுவும் படக்கூடாது. மழை அடிக்கும் வெளிச்சுவரில் மாட்டாதீர்கள்.

அவர் கையால் வரைந்த ஓவியமாக இருந்தால் நாட்டைவிட்டு வெளியே போகவே முடியாது. 1979-இல் அவர் படைப்புகளைத் தேசியக் கலைச்செல்வம் என்று அறிவித்துவிட்டார்கள். அச்சோ வேறெதுவோ, நூறு வயது தாண்டியிருந்தால் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் குறுக்கே நிற்கும். மதிப்பீட்டாளர் ஆக நினைக்கும் யாரும் முதலில் படிக்க வேண்டிய சட்டம் இது.

வடசேரி, வங்கி நகை மதிப்பீட்டாளர்: கலைப்பொருள் மதிப்பீட்டுக்கு மாறலாமா சார் என்று கேட்டால் எல்லோரும் லைசென்ஸ் வேண்டும் என்கிறார்கள். உண்மையா அக்கா?

இந்தத் தொழிலுக்கென்று தனி லைசென்ஸ் நம் நாட்டில் இல்லை. வருமான வரித்துறை கலைப்பொருள், நகை என்று பிரிவு வாரியாக மதிப்பீட்டாளர்களைப் பதிவு செய்கிறது. அனுபவம் சேர்ந்ததும் அதற்கு விண்ணப்பியுங்கள். அமெரிக்க மதிப்பீட்டு நெறிமுறையை 15 மணி நேரப் பாடமாக நடத்துகிறார்கள். முறை கற்க அது உதவும்.

உங்களுக்குக் கண் இருக்கிறது. எடை பார்க்கும் பழக்கத்தைத்தான் விட வேண்டும். உங்கள் ஊர்க் கோயில் நகையையே எடுங்கள்: வெள்ளிக்கு மேல் தங்கத் தகடு, சிவப்புக் கல். உருக்கினால் என்ன கிடைக்கும்? மதிப்பு வேலைப்பாட்டில் இருக்கிறது. அப்புறம், காப்பீட்டுக்குச் சொல்லும் தொகையும் அண்ணன் தம்பி பாகப்பிரிவினைக்குச் சொல்லும் தொகையும் ஒன்றல்ல; எதற்காக என்று அறிக்கையிலேயே எழுதிவிடுங்கள். பொருளின் விலையில் இத்தனை சதவீதம் என்று கூலி வாங்கவே கூடாது. விலை ஏறினால் நமக்கும் ஏறும் என்றான பிறகு அந்த மதிப்பீட்டை யார் நம்புவார்?

குலசேகரம்: கிணறு தோண்டும்போது பழைய வெண்கல விளக்கு கிடைத்தது. எவ்வளவு போகும்?

விலை பேசாதீர்கள். உடனே கலெக்டருக்குத் தெரிவியுங்கள். 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதையும் தெரிவித்தாக வேண்டும். தேய்த்துப் பளபளப்பாக்கவும் வேண்டாம்.

தோவாளை, வில்லுப்பாட்டுக் குழுவின் கணக்குப் பார்ப்பவர்: பி.காம் முடித்தேன். கலை நிர்வாகம் என்றால் என்ன அக்கா?

நீங்கள் இப்போது செய்வதுதான் தம்பி. முறையாகச் செய்ய மூன்று விஷயம் கற்றுக்கொள்ளுங்கள். ஒன்று, அறக்கட்டளைப் பதிவும் நன்கொடையாளருக்கு வருமான வரிச்சலுகை தரும் 80ஜி பதிவும். இரண்டு, நல்கை (நிதியுதவி) கேட்டு விண்ணப்பம் எழுதுவது. பெங்களூரின் இந்தியக் கலைகளுக்கான அறக்கட்டளை 1993 முதல் இயங்குகிறது, அவர்கள் அறிவிப்புகளைப் படியுங்கள். மூன்றாவது அனுமதிகள். ஒலிபெருக்கி இரவு பத்து மணியோடு நிற்க வேண்டும். திருவிழாவுக்கென்று ஆண்டில் 15 நாளுக்கு மிகாமல் நள்ளிரவு வரை மாநில அரசு தளர்த்தலாம். கோயில் கொடைவிழா விடிய விடிய நடக்கும் நம் ஊரில் இது தெரியாமல் ஒப்பந்தம் போட்டால் பாதியில் வில்லை இறக்க வேண்டிவரும். நேரத்தை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள், குடம் அடிப்பவரின் சம்பளத்தையும் சேர்த்து.