சிடிகளைச் சேமிக்க ஃபிளாக்கா, மங்கீஸ் ஆடியோவா?

ஃபிளாக் (FLAC), மங்கீஸ் ஆடியோ (Monkey's Audio) இரண்டுமே சிடிப் பாட்டுகளைத் தரம் குறையாமல் சுருக்கிச் சேமிக்கும் கோப்பு வடிவங்கள். இடம் மிச்சமாகும் என்பதால் ஃபிளாக்கிலிருந்து மங்கீஸ் ஆடியோவுக்கு மாறலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். என் ஓட்டு ஃபிளாக்குக்குத்தான்.

மங்கீஸ் ஆடியோ சில சதவீதம் கூடுதலாகச் சுருக்கும், சரி. ஆனால் சுருக்க எவ்வளவு பாடுபட்டதோ, பாட்டு ஓடும்போது விரிக்கவும் ஏறக்குறைய அதே பாடுதான். கணினியில் இது தெரியாது. கையடக்க பிளேயரில் பேட்டரியைத் தின்றுவிடும்.

ஃபிளாக்கில் 0 முதல் 8 வரை (எண் கூடினால் சுருக்கமும் கூடும்) எந்த நிலையில் சுருக்கினாலும் விரிக்கும் வேகம் பெரிதாக மாறாது. காத்திருப்பதெல்லாம் சுருக்கும்போது ஒரே ஒரு தடவை. அதனால் 8-ஐயே வைத்துவிடுங்கள் (இயல்புநிலையான 5-க்கும் அதற்கும் கோப்பளவில் வித்தியாசம் சொற்பம்தான்).

ஒலித்தரமா? இரண்டிலும் ஒரு பிட்கூடக் குறையாது. அப்புறம், ஆப்பிள் கருவிகள் மட்டும்தான் என்றால் ஆப்பிளின் இதேபோன்ற வடிவமான அலாக்கும் (ALAC) நல்லதே. 2011-இல் அதைத் திறமூலமாக்கிவிட்டார்கள்.