செயற்கைக்கோள் படத்தில் வானமெல்லாம் தூசி, தரைக் கருவியில் அவ்வளவு இல்லை: எதை நம்புவது?

கேட்டவர் 2020 ஜூனில் சகாராவிலிருந்து கிளம்பி அட்லாண்டிக்கைக் கடந்து கரீபியன் தீவுகளுக்குப் போன பெரிய தூசிப் படலத்தை (ஊடகங்கள் 'காட்சில்லா' என்று பெயர் வைத்தது) படங்களில் பின்தொடர்ந்திருக்கிறார். படத்தில் கடலே தெரியாத நாளில் தீவின் தரை நிலையம் சுமாரான எண்ணைக் காட்டுகிறது. மறுநாள் படம் கொஞ்சம் தெளிந்திருக்க, தரை எண் எகிறுகிறது. எது தப்பு என்பது கேள்வி.

ரெண்டுமே சரியாக இருக்கலாம். செயற்கைக்கோள் தூசியை எடை போடுவதில்லை. தரையிலிருந்து வான்மண்டலத்தின் உச்சிவரை நிற்கும் காற்றுத் தூண், ஒளியை எவ்வளவு மங்கச் செய்கிறது என்பதைத்தான் அது கணக்கிடுகிறது. இதற்கு ஏரோசால் (காற்றில் மிதக்கும் நுண்துகள்) ஒளியியல் தடிமன் என்று பெயர், அலகு கிடையாது. தடிமன் 1 என்றால், சூரியன் உச்சியில் இருக்கும்போது நேர்க்கதிரில் சுமார் 37 சதவீதம்தான் துகள்களைத் தாண்டித் தரைக்கு வரும். தரை நிலையத்தின் பி.எம்.10 வேறு விஷயம்: மூக்கு உயரத்தில் ஒரு கனமீட்டர் காற்றில், 10 மைக்ரானுக்குக் குறைவான துகள்கள் எத்தனை மைக்ரோகிராம் என்ற எடை.

சகாராத் தூசி கடலைக் கடக்கும் விதம் இந்த இடைவெளியைப் பெரிதாக்குகிறது. பாலைவனத்தின் சூடான உலர்காற்று, கடலை ஒட்டிய குளிர்ந்த ஈரக்காற்றின் முதுகில் ஏறிப் போகிறது. அந்த அடுக்கு ஏறக்குறைய 1.5 கி.மீ. உயரத்தில் தொடங்கி 5 கி.மீ.க்கு மேல்வரை இருக்கும். கடக்க 5 முதல் 7 நாள். வழியில் துகள்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழடுக்குக்கு இறங்கும். ஆகவே படலத்தின் முகப்பு தீவின் தலைக்கு மேல் வந்துவிட்டாலும், தரைக்கு அது வந்து சேர ஒரு நாள் பிந்துவது இயல்பு.

எண்ணாகவே போட்டுப் பார்ப்போம். செயற்கைக்கோள் தடிமன் 1.2 என்று வைத்துக்கொள்ளுங்கள். கடல் உப்பும் மற்றதும் 0.1 என்று கழித்தால் தூசிக்கு 1.1. ஒரு கிராம் தூசி சுமார் 0.55 சதுர மீட்டர் அளவு ஒளியை மறைக்கும் (நீண்ட தூரம் பயணித்த தூசிக்கு இது நியாயமான மதிப்பு). 1.1ஐ 0.55ஆல் வகுத்தால், தரையின் ஒவ்வொரு சதுர மீட்டருக்கு மேலும் 2 கிராம் தூசி தொங்குகிறது. இதை 5 கி.மீ.க்குச் சமமாகப் பரப்பினால் கனமீட்டருக்கு 400 மைக்ரோகிராம். எல்லாம் கீழ் 1 கி.மீ.க்குள் என்றால் 2,000. கீழ் 1 கி.மீ.யில் 5 சதவீதம்தான் இருக்கிறது என்றால் 100. ஒரே படம், ஒரே தடிமன், விடையில் 20 மடங்கு வித்தியாசம். இன்னொரு ஆபத்தும் உண்டு: மேலே இருப்பது காட்டுத்தீப் புகை என்றால் ஒரு கிராம் 3 முதல் 4 சதுர மீட்டரை மறைக்கும், எடை ஆறில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். உயரமும் துகளின் வகையும் தெரியாமல் தடிமனைப் பி.எம்.10 ஆக மாற்றித் தரும் எந்த வரைபடத்தையும் சந்தேகத்தோடு பாருங்கள்.

படத்தைப் படிப்பதில் முதல் விதி: கடலுக்கு மேல் சாதாரண வண்ணப்படம், பாலைவனத்துக்கு மேல் அகச்சிவப்பு. நாசாவின் வேர்ல்டுவியூ தளத்தில் டெர்ரா, அக்வா செயற்கைக்கோள்களின் (இனிச் சுருக்கமாகக் 'கோள்') மோடிஸ் கருவி எடுத்த படங்களை இலவசமாகப் பார்க்கலாம். 2020இல் டெர்ரா உள்ளூர் நேரம் காலை 10:30 வாக்கிலும் அக்வா பிற்பகல் 1:30 வாக்கிலும் நிலநடுக்கோட்டைக் கடந்தன. இருண்ட கடலின் மேல் தூசி பழுப்பாகத் துலக்கமாகத் தெரியும். ஆனால் சூரியன் கடலில் பட்டுத் திரும்பும் பளபளப்புப் பட்டை ஒன்று படத்தில் வடக்கு தெற்காக ஓடும். அதுவும் மங்கலான சாம்பல் நிறம்தான். புதிதாகப் பார்ப்பவர்கள் அதைத் தூசி என்று குறித்துவிடுவார்கள். அடுத்த கோளின் படத்தில் பட்டை வேறிடத்துக்குப் போயிருக்கும், தூசி போகாது.

மணலின் மேல் மணல்நிறத் தூசியைக் கண்ணால் பிரிக்க முடியாது. சாட் நாட்டின் போடேலே பள்ளம் இன்னும் மோசம்: பழைய ஏரிப்படுகையின் வெள்ளை டயாட்டம் (நுண்பாசி ஓடு) மண், அதன் மேல் வெள்ளைத் தூசி. இங்கேதான் மீட்டியோசாட் கோளின் செவிரி கருவி தரும் 'தூசி வண்ணப்படம்' உதவும். 15 நிமிடத்துக்கு ஒன்று, இரவிலும் வரும். 12.0 மைக்ரான் அலைநீளத்தில் கோள் அளக்கும் வெப்பநிலையிலிருந்து 10.8 மைக்ரான் வெப்பநிலையைக் கழித்து, −4 முதல் +2 கெல்வின்வரை சிவப்பாக வைப்பார்கள். 10.8இலிருந்து 8.7ஐக் கழித்து 0 முதல் 15வரை பச்சை. 10.8 மட்டும், 261 முதல் 289 கெல்வின்வரை நீலம். சிலிக்கேட் துகள்கள் 10.8இல் கூடுதலாக உறிஞ்சுவதால் முதல் வித்தியாசம் மேலே போய், தூசி இளஞ்சிவப்பாகத் தெரியும். மெல்லிய பனிமேகத்தில் இது தலைகீழ், அதனால் அது கருமையாகத் தெரியும். நீராவியும் பனிமேகம் போலவேதான் வேலை செய்கிறது. ஈரக்காற்றுக்குள் மாட்டிய தூசியின் இளஞ்சிவப்பு வெளுத்துவிடும். கரீபியன் பக்கம் இந்தப் படத்தில் தூசி காணாமல் போவதற்கு இதுதான் காரணம், தூசி தீர்ந்துவிட்டதாக எழுதிவிடாதீர்கள்.

அகச்சிவப்பாலும் முடியாத ஒன்று உண்டு. சகாராவின் தெற்கு விளிம்பான சாகேல் பகுதியில் மழைக்காலத்து இடிமேகங்களின் அடியிலிருந்து சரிந்து விழும் குளிர்காற்று கிளப்பும் புழுதிச்சுவர் பெரும்பாலும் மேகத்துக்குக் கீழேயே ஓடும். மேலிருந்து பார்த்தால் மேகம் மட்டும்தான். செனகலின் ம்பூர், மாலியின் சின்சானா, நைஜரின் பனிசூம்பு நிலையங்களில் பி.எம்.10 அளப்பதன் மதிப்பு அங்கேதான் தெரியும்.

தடிமன் தரவை எடுக்கும்போது முறையைக் கவனியுங்கள். மோடிஸின் 'டார்க் டார்கெட்' முறை கடலுக்கும் பசுமையான நிலத்துக்கும். பாலைவனத்துக்கு 'டீப் ப்ளூ', ஏனென்றால் நீல அலைநீளத்தில் மணலும் இருட்டாகவே தெரியும். நிலத்தின் மேல் டார்க் டார்கெட்டின் எதிர்பார்க்கும் பிழை 0.05 கூட்டல் 15 சதவீதம். தடிமன் 1 என்றால் 0.2 கூடலாம், குறையலாம். தரக்குறி குறைந்த பிக்சல்களை நீக்கிவிட்டு வேலை செய்யுங்கள். பிறகு நீக்கிய இடங்களையும் ஒரு முறை பாருங்கள்: அடர்த்தியான தூசியின் நடுப்பகுதியை மேகம் என்று நினைத்து மென்பொருள் தூக்கி எறிந்திருக்கும். படலத்தின் நடுவில் ஓட்டை இருந்தால் அதுதான் பெரும்பாலும் மிக மோசமான இடம்; சராசரி எடுத்தால் புயல் சாதுவாகிவிடும். சென்டினல்-5பி கோளின் டிரோபோமி கருவி தரும் புறஊதா ஏரோசால் குறியீடு மேகத்துக்கு மேலே கிடக்கும் தூசியையும் காட்டும், ஓட்டையை நிரப்ப நல்லது. ஆனால் அது உயரத்தைப் பொறுத்தது. ஒரே அளவு தூசி 4 கி.மீ. உயரத்தில் இருந்தால் குறியீடு பெரிதாகவும், தரையை ஒட்டி இருந்தால் சின்னதாகவும் வரும். அதை 'அளவு' என்று படிக்கக் கூடாது.

உயரத்துக்கு லைடார்தான்: லேசர் துடிப்பை அனுப்பி, திரும்பி வருவதை அளக்கும் கருவி. 2020க்கு கேலிப்சோ கோளின் தரவு இருக்கிறது (2006 முதல் 2023வரை இயங்கியது). 2024 மே மாதம் ஏவிய எர்த்கேர் இப்போது அந்த வேலையைச் செய்கிறது. லேசர் துடிப்பு திரும்பி வரும்போது அதன் முனைவாக்கம் (ஒளி அலை அதிரும் திசையின் ஒழுங்கு) எவ்வளவு கலைந்திருக்கிறது என்று பாருங்கள். தூசிக்கு 532 நானோமீட்டரில் 0.3 வாக்கில் வரும். உருண்டையான ஈர உப்புத்துளிக்கு 0.05க்குக் கீழே. சிக்கல், கேலிப்சோ பார்த்தது நூல் மாதிரி ஒரே கோட்டை. அதே கோட்டுக்குத் திரும்ப 16 நாள். உங்கள் தீவுக்கு நேர் மேலே போயிருக்க வாய்ப்பு குறைவு. 200, 300 கி.மீ. தள்ளிப் போனாலும் அடுக்கின் உயரத்தை எடுத்துக்கொள்ளலாம், அடர்த்தியை வேண்டாம்.

தரையில் முதலில் தேட வேண்டியது ஏரோனெட் வலையமைப்பின் சூரிய ஒளிமானி. அது நேரடியாகச் சூரியனைப் பார்த்து அளப்பதால் தடிமனில் பிழை 0.01 முதல் 0.02தான். செயற்கைக்கோளை உரசிப் பார்க்க இதைவிட நல்ல கல் இல்லை. நிலையத்தைச் சுற்றி 25 கி.மீ.க்குள் விழும் பிக்சல்களின் சராசரியையும், கோள் கடந்த நேரத்துக்கு முன்பின் 30 நிமிட ஒளிமானிச் சராசரியையும் ஒப்பிடுவது வழக்கம். துகள் வகைக்கு ஆங்ஸ்ட்ராம் எண்: அலைநீளம் கூடக்கூடத் தடிமன் எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்பது. 440 நானோமீட்டரில் தடிமன் 1.05, 870இல் 0.98 என்றால் எண் 0.10; பெரிய துகள், தூசி. 870இல் 0.36 மட்டுமே என்றால் எண் 1.57, புகை அல்லது நகரத்து மாசு.

இதிலும் ஏமாற இடமுண்டு. ஒளிமானியின் குழாய்க்குள் சிலந்தி வலை கட்டினால் எல்லா அலைநீளத்தையும் சமமாக மறைக்கும். ஆங்ஸ்ட்ராம் எண் குறைந்து, அப்படியே தூசி மாதிரி வரும்! கண்டுபிடிக்க வழி: 5 சதவீத ஒளி மறைந்தால் உச்சிவேளையில் தடிமன் 0.05 கூடும், சூரியன் சாய்ந்து ஒளிப்பாதை இரட்டிப்பாகும்போது அதில் பாதிதான் கூடும். தினமும் நடுப்பகலில் அழகாக மேடு கட்டும் தூசியைக் கண்டால் முதலில் குழாயைத் துடையுங்கள். ஏரோனெட்டின் நிலை 1.5 (தானாக மேகம் நீக்கிய) தரவு உடனடிப் பார்வைக்குப் போதும், முடிவு எழுத இறுதித் தரச்சோதனை முடிந்த நிலை 2.0 வரும்வரை பொறுங்கள்.

பி.எம்.10க்குப் பரவலாக இருப்பது பீட்டாக் கதிர்க் கருவி. நிமிடத்துக்கு 16.7 லிட்டர் காற்றை இழுத்து, கண்ணாடி இழை நாடாவில் படியவைத்து, கதிர் எவ்வளவு குறைகிறது என்பதிலிருந்து எடையைச் சொல்லும். தூசி நாளில் நாடா அடைத்து இழுப்பு குறைந்தால் 10 மைக்ரான் வெட்டு நழுவி, அதைவிடப் பெரிய துகள்களும் உள்ளே போகும். பி.எம்.2.5 (2.5 மைக்ரானுக்குக் குறைவான துகள்) கருவியில் பெரிய துகளைப் பிரித்தெடுக்கும் சுழற்பிரிப்பானை ஒவ்வொரு புயலுக்குப் பிறகும் கழுவாவிட்டால் பெரிய துகள்கள் கசிந்து அடுத்த வாரமும் எண்ணை ஏற்றிக் காட்டும். மணிக்கணக்காக 985 என்று ஒரே எண் வந்தால் அது அளவீடு இல்லை. 1,000 வீச்சு வைத்த கருவி −15இல் தொடங்கி 985இல் முட்டி நிற்கிறது, உண்மை அதற்கு மேல் எவ்வளவோ.

வீட்டில் மாட்டும் மலிவான லேசர் சென்சார்களைத் தூசிக்கு நம்ப வேண்டாம். பிளான்டவர் பி.எம்.எஸ்.5003 போன்றவற்றின் சின்ன விசிறி பெரிய துகளை லேசர்வரை கொண்டுவருவதே கஷ்டம்; திரையில் வரும் பி.எம்.10 பெரும்பாலும் சிறுதுகள் எண்ணிக்கையை வைத்து ஊகித்தது. புகைக்காக உருவாக்கிய திருத்தச் சூத்திரம் எண்ணை ஏறக்குறையப் பாதியாக்கும். ஏற்கெனவே குறைத்துக் காட்டும் சென்சாருக்கு அதையும் போட்டால் தூசி நாள் நல்ல நாளாகிவிடும்.

தீவுகளில் பி.எம்.10இல் ஒரு பங்கு கடல் உப்பு என்பதை மறந்துவிடுகிறார்கள். இதற்குப் பார்படாஸ் முறையே பாடம். ஆய்வாளர் ஜோசப் பிராஸ்பெரோ 1965இல் அங்கே தொடங்கிய அளவீடு இன்றைக்கும் இத்துறையின் மிக நீண்ட தொடர். காற்று கடல் பக்கமிருந்து வரும்போது மட்டும் பம்பு ஓடும். வடிதாளை நீரில் அலசி உப்பைக் கரைப்பார்கள். பிறகு 500 டிகிரியில் எரித்துச் சாம்பலை எடை போட்டு, வெற்றுத்தாளின் சாம்பலைக் கழித்து, கரைந்தும் எரிந்தும் போனதை ஈடுகட்ட 1.3ஆல் பெருக்குவார்கள். சரிபார்க்க அலுமினியம்: தூசி எடையில் சுமார் 8 சதவீதம் இருக்க வேண்டும். இன்றைய கோள்கள் வருவதற்கு முன்பே 1970களின் சாகேல் வறட்சியை அட்லாண்டிக்கின் மறுகரையில் எடையாகக் காட்டியது இந்தச் சாம்பல்தான்.

உங்கள் கேள்விக்கு வருவோம். முதலில் நேரத்தை உலக நேரத்துக்கு மாற்றுங்கள் (பார்படாஸ் 4 மணி நேரம் பின்தங்கியது). கோள் கடந்த அந்த ஒரு மணியின் பி.எம்.10ஐ எடுங்கள், 24 மணிச் சராசரியை அல்ல. அந்தச் சராசரி உலக சுகாதார நிறுவனத்தின் 45 மைக்ரோகிராம் வரம்போடு ஒப்பிடத்தான். அடுத்து ஏரோனெட் தடிமன் கோளோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஒத்துப்போய், பி.எம்.10 மட்டும் தனியாக நின்றால் தூசி மேலே இருக்கிறது, லைடாருக்குப் போங்கள். ஏரோனெட்டே கோளோடு சண்டை போட்டால் மேகநீக்கம், பளபளப்பு, சிலந்தி, இந்த வரிசையில் சந்தேகப்படுங்கள்.

லைடாரும் இல்லை, தரை நிலையத்தின் மேலும் சந்தேகம் என்றால், பக்கத்து விமான நிலையத்தின் வானிலை அறிக்கையில் பார்வைத் தூரத்தைப் பாருங்கள். 3ஐ அந்தக் கிலோமீட்டரால் வகுத்தால் தரையை ஒட்டிய ஒளிமறைப்பு. 5 கி.மீ. என்றால் கிலோமீட்டருக்கு 0.6, அதையும் 0.55ஆல் வகுத்தால் கனமீட்டருக்கு சுமார் 1,100 மைக்ரோகிராம். ஈரமும் உப்பும் இதில் சேர்ந்திருப்பதால் இது உச்சவரம்பு மட்டுமே. அறிக்கையில் 9999 என்றிருந்தால் '10 கி.மீ. அல்லது அதற்கு மேல்' என்று பொருள், அதை வைத்துக் கணக்குப் போட முடியாது.